முப்பத்தோராம் உருப்படி

கரமனை நாகேஸ்வரனுக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஓய்வு பெறும் நாளில் ஸ்டோரில் உள்ள அத்தனையையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரவேண்டும். மறுநாள் காலை மனைவி அனந்தலக்ஷ்மியைக் கல்லாற்றுக்கு அழைத்துப் போகவேண்டும். மலையடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடும் அந்த ஆறு ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆனாலும் பதினாலு வருஷமாக அவர்களால் அங்கே போகமுடியவில்லை. ஏன் என்று கேட்டால் அனந்தலக்ஷ்மி ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள்.

"ஏணி."

அந்தக் கதையைச் சொல்லாமல் நாகேஸ்வரனைச் சொல்லமுடியாது. திருவனந்தபுரத்துக்கு வெளியே வானத்தை ஆராய்கிற ஒரு நிலையம் இருந்தது. அதில் அவர் 1973 முதல் ஸ்டோர் கீப்பர். திருகாணி, பல்பு, கம்பி, காகிதம் எல்லாம் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் இருக்கும். சொந்தக் கல்யாணத்திலேயே பட்டு வேட்டிக்குள் அது கிலுங்கியதாகக் கரமனையில் சொல்வார்கள், நம்பலாம். அவர் கையில் வந்த பொருள் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

1991இல் வருடாந்தரச் சரிபார்ப்பின்போது ஸ்டோரில் ஓர் அலுமினிய ஏணி அதிகமாக இருந்தது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு யாராவது என்றால் இரவோடிரவாக அதைப் பின்பக்கத்துப் பலாமரத்தில் சாத்திவிட்டு வந்திருப்பார்கள். நம் ஆள் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் "அதிகப்படி: ஏணி ஒன்று" என்று எழுதினார். தலைமை அலுவலகம் பதில் போட்டது. முடிவு தெரியும்வரை ஏணி ஸ்டோர் கீப்பரின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் நிலை பற்றி அறிக்கை வேண்டும், முன் அனுமதி இல்லாமல் பொருளைத் தனியே விட்டுவிட்டு அவர் ஊருக்கு வெளியே போகக்கூடாது. கல்லாற்றுக்குப் போக விண்ணப்பித்தபோது "தங்கள் பயணத்தின்போது ஏணியை யார் கவனிப்பார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முடிவு தெரியப் பதினோரு வருஷமாயிற்று. ஏணியை உடைத்துவிடலாம் என்பதுதான் முடிவு. அதற்குப் பிறகும், அடுத்து என்ன அதிகமாகுமோ என்று ஸ்டோரை விட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை.

"நான் ரிட்டயர் ஆன மறுநாள் கல்லாறு. இது சத்தியம்," என்று அன்றைக்கு நாகேஸ்வரன் சொன்னார். அனந்தலக்ஷ்மி அதைக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, 2004 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு குறுந்தட்டும் நாற்பத்தேழு வரிகள் கொண்ட ஒரு பட்டியலும். பார்சலோடு வரும் பட்டியலில் இருப்பதெல்லாம் பொருள்தான் என்பது நாகேஸ்வரனின் முப்பது வருஷ வேதம். பொருள்கள் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து, வரி வரியாகப் பதிவேட்டில் ஏற்றினார். ஆராய்ச்சியாளர் அஜிதா மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், எப்போதும் அவசரத்தில் இருப்பவள். "நாற்பத்தேழும் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அவை நாற்பத்தேழு கேலக்ஸிகள். ஒவ்வொன்றும் பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் அடங்கிய திரள்.

மறு மே மாதம் சரிபார்க்க வந்தவர் வன்னியராஜ். நாங்குநேரிக்காரர், நல்ல மனிதர், ஆனால் சட்டைப்பையில் பச்சை மைப் பேனா வைத்திருப்பவர். ஊசி முதல் உருளை வரை டிக் அடித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"என்ன சாமி, நாப்பத்தேழு கேலக்ஸின்னு போட்டிருக்கு? எங்க வச்சிருக்கீங்க?"

 அஜிதாவை அழைத்துவந்தார்கள். அவள் முதலில் சிரித்தாள், பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இது தப்பா எழுதினதாக்கும் சாரே. அடிச்சிரலாமே?"

"உடைஞ்சது, தேஞ்சது, திருடு போனது, இந்த மூணைத்தான் அடிக்கலாம். உடைஞ்சிருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஆயிரம் நட்சத்திரம் உண்டாக்குது."

"அப்ப நல்லா வேலை செய்யுத பொருளு. எப்படிம்மா அடிக்க? கண்ணால காட்டுங்க, டிக் போட்டுட்டுப் போயிருதேன்."

"அதோட வெளிச்சம் அங்கேருந்து புறப்பட்டே ஆயிரம் கோடி வருஷம் ஆச்சு, சாரே," என்றாள் அஜிதா.

"பழைய சரக்கா? பரவால்ல, காட்டுங்க."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் திரள்களில் நட்சத்திரங்கள் தூசிக்குள் பிறக்கின்றன. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிக்குள் எரிகிற பல்பு மாதிரி, தூசி படிந்து வெளிச்சம் வெளியே வராது, தொட்டால் சூடு மட்டும் தெரியும். அந்தச் சூட்டை ஒரு பெரிய தொலைநோக்கி பிடித்திருந்தது. ஆனால் அதற்குக் கண் மங்கல். "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ" என்று மட்டும்தான் அதனால் சொல்லமுடியும். வட்டத்துக்குள் பார்த்தால் ஐந்தாறு புள்ளிகள் இருக்கும். சூடு எந்தப் புள்ளியுடையது என்று அகச்சிவப்புப் படங்களை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அஜிதாவின் வேலை. அதாவது, நாற்பத்தேழு உருப்படிகளையும் கண்ணால் காட்டுவது அவளுக்கும் வேண்டியிருந்தது. அவளுடைய கட்டுரைக்கும் நாகேஸ்வரனின் ஓய்வுக்கும் கெடு ஒரே நாளில் வந்து நின்றது: மே 31.

மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் வட்டத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. வன்னியராஜ் பேனாவை எடுத்தார். அது வேறு யாரோ வழிப்போக்கன், பக்கத்தில் மங்கலாகச் சிவந்திருப்பதுதான் நம்முடையது என்றாள் அஜிதா. தற்செயலாக அங்கே ஒரு புள்ளி வந்து நிற்க நூற்றில் எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் ஆள் அவன்தான். பத்தாவது வட்டத்துக்குள் வன்னியராஜுக்கு ருசி கண்டுவிட்டது. அவளையே குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார்.

"மினுமினுன்னு இருக்குங்கதுக்காக இவனைப் பிடிக்கக்கூடாதும்மா. நூத்துக்குப் பதினாலு வருதுல்லா? அடுத்தவனப் பாருங்க."

நாலு நாளில் நாற்பத்தாறு டிக். முப்பத்தொன்றாம் எண் மட்டும் காலி. வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் ஒரு பெரிய வெளிச்சமான கேலக்ஸி மட்டும் அமர்ந்திருந்தது. அது ரொம்பக் கிட்டத்தில் இருப்பது, தூசியும் இல்லாதது, நம்முடையதாக இருக்கமுடியாது என்றாள் அஜிதா.

"குறைவு ஒண்ணு," என்றார் வன்னியராஜ் வருத்தத்தோடு. "இருபத்தேழாம் தேதி வரைக்கும் டயம் தாறேன், சாமி."

அன்றைக்கு வீட்டில் நாகேஸ்வரன் ரசம் சாதத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தொலைஞ்சுது?" என்றாள் அனந்தலக்ஷ்மி. அவர் முகத்தை முப்பது வருஷமாகப் படிப்பவள்.

"ஒரு கேலக்ஸி."

"நன்னாத் தேடினேளா?"

கோபம்தான் வந்தது அவருக்கு. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு குண்டூசி போகவில்லை, போகிற போக்கில் போனது இத்தனை பெரிய சாமானா! நிஜமாகவே கண்கலங்கினார். பிறகு, எப்படித் தேடவேண்டும் என்பது தமக்குத்தானே தெரியும் என்று தோன்றியது. ஸ்டோரில் ஒரு பொருளைக் காணவில்லை என்றால் அது இருக்கவேண்டிய இடத்தை அவர் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் இருக்கும் பெரிய பொருளை நகர்த்திவிட்டுப் பார்ப்பார்.

மறுநாள் அஜிதாவின் முன்னால் போய் நின்றார். "மேடம், அந்த ஓரத்துல ஒரு தடியன் இருக்கானே, அவனைக் கொஞ்சம் நகத்திட்டுப் பாக்க முடியுமோ?"

"கேலக்ஸிய எப்படி சாரே நகத்த?" என்றவள் பாதியில் நிறுத்தினாள். அந்தப் பெரிய கேலக்ஸியின் வெளிச்சம் வட்டத்துக்குள்ளும் கசிந்திருந்தது. அந்த வெளிச்சத்தின் வடிவத்தைக் கணக்கிட்டு, படத்திலிருந்து கழித்துவிடலாம். உட்கார்ந்து அன்று முழுக்கக் கழித்தாள். சாயங்காலம் ஸ்டோருக்கு ஓடிவந்தாள்.

"சாரே, கிட்டிப்போச்சு! அது ஒண்ணில்ல, ரெண்டாக்கும்! ஒண்ணுக்கு நூத்துல ரெண்டு, மத்ததுக்கு நூத்துல மூணு. ரெண்டும் சேந்துதான் அந்தச் சூடு. இத ஆரும் பாத்திருக்க மாட்டாவ!"

நாகேஸ்வரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்பது இதுதான். நாற்பத்தேழு இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு. குறைவு என்றால் விளக்கம் எழுதி மன்னிப்புக் கேட்கலாம். அதிகப்படிக்கு மன்னிப்பு கிடையாது. அது ஏணி.

ஏணிச் சமாசாரத்தைக் கேட்ட அஜிதாவுக்கும் மனசு கேட்கவில்லை. அச்செடுத்த படத்தில் இரண்டாவது புள்ளியின் மேல் ஒரு சின்ன வெள்ளை லேபிளை ஒட்டிக் கொண்டுவந்தாள். "பேப்பர்ல நான் ரெண்டும் எழுதிக்கிடுதேன். இங்க ஒண்ணு போதும். நீங்க சமாதானமா வீட்டுக்குப் போணும் சாரே."

நாகேஸ்வரன் மறுக்கவில்லை. மறுக்காததை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இருபத்தேழாம் தேதி வன்னியராஜ் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆள் கிடைச்சாச்சா! ஒண்ணு. நாப்பத்தேழுக்கு நாப்பத்தேழு." பச்சைப் பேனா காகிதத்தைத் தொட்டது.

நாகேஸ்வரனின் கண் அந்த லேபிளிலேயே இருந்தது. அது அவருடைய ஸ்டோரில் கொடுத்த லேபிள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவதற்காக அவர் கொடுத்தது, இருப்பதை மறைக்க அல்ல. அவர் விரல் தானாகப் போய் அதை உரித்தது.

"சார், இன்னொண்ணும் இருக்கு."

வன்னியராஜ் புள்ளியைப் பார்த்தார், நாகேஸ்வரனைப் பார்த்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "நான் பாக்கல. திருப்பி ஒட்டிருங்க, சாமி. கும்பிடுதேன். நாலு நாளுல ரிட்டயர் ஆகப்போறீய."

"உள்ளதை இல்லைன்னு நான் எழுதினதில்லை சார். இதுக்காக இப்போ ஆரம்பிக்கணுமா?"

அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். வன்னியராஜ் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதினார்: அதிகப்படி, கேலக்ஸி ஒன்று.

முப்பத்தொன்றாம் தேதி பூமாலை, வடை, பேச்சு எல்லாம் நடந்தன. சாவிக்கொத்தை ஒப்படைத்தார். கூடவே ஒரு கடிதத்தையும் கொடுத்தார்கள். பாக்கி ஏதும் இல்லை. ஆனால் அதிகப்படியான கேலக்ஸி ஒன்று மட்டும், முடிவு தெரியும்வரை, ஓய்வுக்குப் பிறகும் திரு. நாகேஸ்வரனின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. முன் அனுமதி இல்லாமல் பொருளைத் தனியே விட்டுவிட்டு ஊருக்கு வெளியே போகக்கூடாது.

கரமனையில் பஸ் இறங்கி, ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சமையலறையில் மறுநாளைக்குப் புளிக்காய்ச்சல் தயாராகிக்கொண்டிருந்த வாசனை வாசல் வரை வந்தது. பழைய டிராவல் பையைத் துடைத்துக் கூடத்தில் வைத்திருந்தாள் அனந்தலக்ஷ்மி.

"அனந்தம்," என்றார் நாகேஸ்வரன், மாலையைக் கையில் பிடித்தபடி. "இன்னொரு ஏணி வந்துடுத்து."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவருக்குத்தான் அழுகை வந்தது.

"எவ்வளவு பெரிசு?"

"இங்கேந்து தெரியற நட்சத்திரம் அத்தனையும் அதுல ஒரு மூலைக்குக் காணாது."

"எங்கே வெச்சிருக்கு?"

அவர் முற்றத்துக்கு மேலே காட்டினார். இன்னும் வெளிச்சம் போகாத வானம்.

"ஏணியைத் தூக்கிண்டு பஸ்ல ஏற முடியாதுன்னேள். செரி, ஒத்துண்டேன். இது கல்லாத்துக்கு வராதோ?"

நாகேஸ்வரன் விதியைச் சொல்ல வாயைத் திறந்தார். தேடிப் பார்த்தார். விதிப்புத்தகம் முழுக்க மனப்பாடமான அவருக்கு, அதற்கு ஒரு விதி அகப்படவில்லை.

"வரும்னுதான் நினைக்கறேன்," என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். வழியில் விதுரா வரும்வரை அவர் மூன்று தடவை ஜன்னல் வழியாக மேலே எட்டிப் பார்த்தார். அவள் மூன்று தடவையும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கல்லாற்றில் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு புளியோதரை சாப்பிட்டார்கள். இடுப்பில் சாவி இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது. கையைக் கழுவியதும் பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார். மூன்று மாதம் ஆகவில்லை, ஆனாலும் பொருளை இடம் மாற்றினால் அன்றே எழுதவேண்டும்.

உருப்படியின் பெயர்: கேலக்ஸி, எண் 31, இரண்டாவது. நிலை: நன்று. இருக்கும் இடம்: கல்லாறு. அஜிதா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்து, தலைக்கு மேல், அல்லது நேரத்தைப் பொறுத்துக் காலுக்குக் கீழ் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தார்.

அனந்தலக்ஷ்மி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "கூட யார் இருக்கான்னு ஒரு இடம் காலியா இருக்கே?"

அது மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடவேண்டிய இடம். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கட்டத்தை மேலதிகாரியைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

"போடு," என்று பேனாவை அவளிடம் நீட்டினார்.