ரோபோவோடு பேசிய எட்டு மாதம்

அறிவியல் அருங்காட்சியகத்துக்கு ரோபோ செய்வது என்றால் பெரிய குழு, வெள்ளைக் கோட்டு என்று நினைப்பீர்கள். என் விஷயத்தில் அது ஒரு அறை, ஒரு மேசை, நான். தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வருகிறவர்கள் கட்டளைகளை வரிசையாகக் கொடுத்தால் அதன்படி நடக்கும் ரோபோ ஒன்றைச் செய்யத்தான் கோவையிலிருந்து விருதுநகருக்கு வந்தேன்.

இரண்டு டீ

ரோபோவுக்குக் குரல் வேண்டும். குரல் கொடுக்க வேறு ஆள் இல்லாததால் என் குரலையே பதிந்தேன். "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று அது கேட்கும். "முன்னால போ" என்று சொல்லிக்கொண்டே அதன் தொடுதிரையைத் தட்டுவேன். நாள் முழுக்க இதே பேச்சு. ஒரு மத்தியானம், கூட்டிப் பெருக்கும் மாரியம்மா அக்கா இரண்டு டம்ளரோடு உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "பேச்சுச் சத்தம் கேட்டுச்சேன்னு ரெண்டு டீ கொண்டாந்தேன், நீங்க ஒராளுதான் இருக்கீகளா?"

செல்வராணியின் கை

திறப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க, எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை செய்யும் சில பெண்களை லீவு நாளில் வரச் சொல்லியிருந்தேன். அவர்களில் செல்வராணிக்கு இரண்டு கைகளும் எப்போதோ வெந்து, விரல்நுனித் தோல் இறுகிப் போயிருந்தது. தொடுதிரை அந்த விரல்களை உணரவே இல்லை. மூன்று முறை தொட்டுப் பார்த்தவர், கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "விடுங்க, இது படிச்சவுக சாமான்" என்றார்.

மறுநாளே திரையைக் கழற்றினேன். முழங்கையால் அழுத்தினாலும் கேட்கிற மாதிரி, எலுமிச்சம்பழ அளவில் பட்டன்கள் வைத்தேன். இரண்டு வாரம் ஆனது. பிறகு பஸ் ஏறிப் புதுப்பட்டிக்குப் போய் நானே அவரை அழைத்து வந்தேன். முன்னால், முன்னால், இடது, முன்னால் என்று அழுத்தினார். ரோபோ அப்படியே போய், திரும்பி, சுவரில் முட்டியது. நான் பதறி ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். "முட்டுனா முட்டட்டும் தாயி, நான் சொன்னதக் கேட்டுச்சுல்ல!"

திறப்பு நாள்

வருவதாகச் சொன்ன அம்மாவும் அண்ணனும் கடைசியில் வரவில்லை. ரோபோவைச் சுற்றி நல்ல கூட்டம். என் குரல் அத்தனை பேரிடமும் பேசிக்கொண்டிருந்தது. நான் தூணோரம் நின்றிருந்தேன். பேத்தியோடு வந்திருந்த ஒரு ரிட்டையர்டு நர்ஸம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நீங்க யாரு கூட வந்திருக்கீக?"

இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படுகிறவர்கள் ஒயர்களைச் சாலிடரிங் செய்யப் பழகும்போதே தனியாகச் சாப்பிடவும் பழகிக்கொள்வது நல்லது.