அட்டைப் படத்தில் இருக்கும் பூச்சி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவின் படத்துக்குக் கீழே, குத்துவிளக்கு இருக்க வேண்டிய இடத்தில், எதற்கு ஒரு பூச்சி? அச்சகத்திலிருந்தே போன் வந்துவிட்டது. "மேடம், ஃபைல்ல ஏதோ பூச்சி ஒட்டிக்கிட்டு வந்திருக்குது, எடுத்துடட்டுங்களா?" என்று அந்தத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். எடுப்பதாக இருந்தால் மலரே வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எனக்குப் பொறுமை குறைவு என்பது நீங்கள் எல்லோரும் அறிந்ததே. அந்தப் பூச்சியின் கதையைச் சொல்லாமல் அக்காவின் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா மரக்காணத்தில் பிறந்தார். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு வீட்டுக்கு மூத்த பிள்ளை, ஆம்பளைப் பிள்ளை எல்லாம் அக்காதான். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் விலங்கியல் படித்தார். என்னையும் படிக்க வைத்தார். கல்லூரியில் வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அனுமந்தையில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த மாமாவைக் கட்டிக்கொண்டு, அவரையும் மரக்காணத்துக்கே கூட்டிவந்துவிட்டார். மகன் கதிர் பிறந்தான். பிரசவம் முடிந்து வீடு திரும்பியவர் தொட்டில் கட்டும் கயிறு சரியில்லை என்று தானே ஸ்டூல் போட்டு ஏறினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு உட்காரத் தெரியாது. இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால். அதில் கண்ணை வைத்துவிட்டால் பால் பொங்கினாலும் கேட்காது, கதவைத் தட்டினாலும் கேட்காது.

அந்துப்பூச்சிகள் மீது அக்காவுக்கு அப்படி ஒரு பித்து. "அரிசியில அந்து விழுந்தா வெயில்ல காயப்போடுவோம். அதுக்குப் போய் எதுக்குடி படிப்பு?" என்று அம்மா கேட்பார். "இது அரிசியில விழறது இல்லம்மா, இதுல ஆயிரம் ஜாதி இருக்குது" என்பார் அக்கா. ஒரு மாலை உப்பு கோடவுன் விளக்கடியில் விரல்நகம் அளவுக்கு வெளுத்த சாம்பல் நிறப் பூச்சி ஒன்றைப் பார்த்தார். இறக்கையின் ஓரத்தில் பாத்திக் கரையில் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சில வாரம் கழித்து, அளத்து வரப்பில் வளரும் உமரிச் செடியின் அடியில் இன்னொன்று கிடைத்தது. அது கறுப்பு கலந்த பழுப்பு, கொஞ்சம் பெரியது, கோடு கிடையாது. அதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு பூச்சி புதியது என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபம் இல்லை. இறக்கையை மட்டும் நம்பக் கூடாது. வயிற்றின் நுனியைத் தனியே எடுத்து, சதை கரையக் காரக் கரைசலில் போட்டு, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பழைய மாதிரிகள் இருக்கும் ஊருக்கெல்லாம் படம் அனுப்பி ஒப்பிட வேண்டும். பிறகு ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து, சிவப்புச் சீட்டு கட்டி, மியூசியத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒன்றுதான் அந்தப் பெயருக்கே சாட்சி. வருணனை அச்சில் வரும் வரைக்கும் பெயரை வெளியே சொல்லக் கூடாது.

அக்கா இரண்டு பெயர் யோசித்து வைத்திருந்தார். வெளுத்ததற்கு ஊரின் பெயர், கறுத்ததற்கு அம்மாவின் பெயர். "உன் பேரையே வெச்சுக்கோயேன்" என்று நான் சொன்னதற்கு, அவரவர் பெயரை அவரவரே வைத்துக்கொள்வது அங்கே வழக்கம் இல்லை என்றார். அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். மறுநாள் காலையில் தெருவுக்கு வந்த மீன்காரப் பெண்மணி, "உங்க வீட்டு அம்மா பேர்ல பூச்சி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாமே" என்று என்னிடமே விசாரித்தார். கோயில் வரைக்கும் செய்தி போயிருந்தது. அக்காவுக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

ஆடி மாதம் அக்காவின் கணையத்தில் நோய் இருப்பது தெரிந்தது. மருத்துவர் சொன்னதை நாங்கள் மறைக்கப் பார்த்தோம். அக்கா ரிப்போர்ட்டை மாமாவின் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டார். அதன் பிறகு அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா? அதுவரை கிடைத்ததில் வெளுத்தவை எல்லாம் ஆண், கறுத்தவை எல்லாம் பெண். ஒரே செடியில் இருக்கின்றன. ஒரே ஜாதியின் ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெயர் ஒன்றுதான் இருக்க முடியும். மரபணுச் சோதனைக்கு அனுப்பியதில் தெளிவான பதில் வரவில்லை. மிச்சம் இருந்த வழி, ஒரு கறுத்த பெண்பூச்சியை முட்டையிட வைத்து, புழுக்களை வளர்த்து, என்ன வருகிறது என்று பார்ப்பது.

அக்காவின் மாணவி தேன்மொழி வெளியூர் மியூசியம் ஒன்றில் வேலை செய்கிறார். இந்தப் பூச்சிகளைப் பற்றிய கட்டுரையை அக்காவோடு சேர்ந்து எழுதியவர் அவர். அவர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், ரெண்டுன்னே அனுப்பிடலாங்க. அச்சுல வர்றதை நீங்க பார்க்கணும் இல்லைங்களா." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. "அனுப்பித் தொலை. தப்புன்னா பின்னாடி எவனாவது திருத்திட்டுப் போறான். அம்மா பேரு வந்துட்டா போதாதா?" என்று நான் சண்டை போட்டேன்.

"திருத்தும்போது அடிச்சு எடுக்கிறது அம்மா பேராத்தான் இருக்கும்னு வெச்சுக்கோ. அதையும் யோசிச்சியா?" என்றார் அக்கா.



ஆவணியில் ஒரு பெண்பூச்சி கிடைத்து முட்டையிட்டது. ஸ்வீட் டப்பாவில் துணி கட்டி, நூல் போல இருந்த புழுக்களை வளர்த்தோம். மாமா தினமும் ஸ்கூட்டரில் போய் உமரி பறித்துவருவார். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிய இரண்டு நாளும் அம்மாதான் பார்த்துக்கொண்டார். நம் பக்கத்தில் உமரிக்கீரையை எப்படிச் சமைப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சட்டியில் போடுவோம். அம்மா புழுக்களுக்கும் அப்படியே அலசிப் பிழிந்து போட்டுவிட்டார். தன் பெயர் கொண்ட பூச்சிக்கு உப்புக் கரிக்கக் கூடாதாம். நாங்கள் வந்து துணியை அவிழ்த்தபோது உள்ளே எல்லாம் பூஞ்சை பிடித்து, ஒரு புழுவும் உயிரோடு இல்லை. நான் வீடு அதிரக் கத்தினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அக்காவோ கட்டிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூட்டு வெக்காம விட்டியேம்மா" என்றார்.

சிரித்தாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. மழை வந்து அளமெல்லாம் தண்ணீர் கட்டிவிட்டது. இனித் தை பிறந்து, பாத்தி காய்ந்து, உமரி தளிர்த்தால்தான் அடுத்த பூச்சி. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். மணி பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார். "விட்டுச்சா?" என்பார். மழையைக் கேட்கிறாரா வலியைக் கேட்கிறாரா என்று தெரியாமல் நான் தவித்திருக்கிறேன். அந்த நாட்களில் நானும் எந்த இடத்திலும் பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. கடைத்தெருவில் நான் வைத்திருக்கும் கடையைத் திறப்பேன், மூடுவேன், அக்கா வீட்டுக்கு ஓடுவேன்.

மாசியில் ஆட்டோவில் தலையணை போட்டு அக்காவை உப்பளத்துக்கு அழைத்துப்போனோம். வர மாட்டேன் என்று அவர் சொல்வார் என்று பார்த்தால், எங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஆட்டோ வரப்பு வரைக்கும்தான் போகும். நானும் மாமாவும் சேற்றில் இறங்கி உமரியைக் கிளறினோம். ஆட்டோவில் இருந்தபடியே அக்கா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். "அங்க இல்லடி, காத்து படாத பக்கம் பாரு. அடியில பாரு. மாமா, நீங்க நிழலை அது மேல போடாதீங்க." பொழுது சாயும் நேரத்தில் மாமாவின் மாத்திரை டப்பாவில் ஒரு கறுத்த பெண்பூச்சி அகப்பட்டது. வீடு வரும் வரைக்கும் அக்கா அந்த டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

முட்டை பொரிந்தது. இந்த முறை அம்மா டப்பாவின் பக்கமே போகவில்லை. புழுக்கள் வளர்ந்து கூடு கட்டின. பங்குனியில், கூடுகள் பிரியும் முன்பே, ஒரு பிற்பகலில் அக்கா போய்விட்டார். கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது என் கையைப் பிடித்து, "வந்தா விட்டுடாதே" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு கூடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வந்தவை எல்லாம் கறுத்த பெண்பூச்சிகள். தேன்மொழி காரியத்துக்கு முன்பே வந்து தங்கி, அழுதுகொண்டே அவற்றை ஊசியில் குத்தி வைத்தார். மிச்சம் இருந்த கூடுகள் சுருங்கிப்போயின. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அதிலிருந்தும் கறுத்த பெண்ணே வந்தால் எதுவும் முடிவாகாது. வெளுத்தது வந்தால் இரண்டும் ஒன்றே.

பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய ஜனம். பெரிய அத்தை டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் துணியை அவிழ்த்துவிட்டார். வெளியே பறந்தது வெளுத்த பூச்சி. இறக்கையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. அது அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் போய் உட்கார்ந்தது. "வந்துட்டாடா. பாருங்கடா, எம்புள்ள வந்துட்டா" என்று அத்தை கை கூப்பினார். எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். துக்க வீட்டுக்குள் வரும் பூச்சியை நாம் யாரும் விரட்டுவதில்லை, தொடுவதில்லை. தேன்மொழி கையில் கண்ணாடிக் குப்பியோடு கதவருகில் நின்றார். ஓரடி எடுத்து வைத்தார். "அடிப்பாவி, அவளைப் போய் கொல்லப் பாக்குறியா?" என்று அத்தை குறுக்கே வந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நானோ, வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்றைக்கு அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அது அக்காதான் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

வாசல் திறந்திருந்தது. பூச்சி இறக்கையை ஒருமுறை அசைத்தது.

அம்மா எழுந்தார். தேன்மொழியின் கையிலிருந்து குப்பியை வாங்கினார். சுவரருகே போய், பூச்சியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணி இது, உன் பொண்ணு இல்லையா?" என்றார் அத்தை.

"அவதான். அதான் புடிச்சேன்," என்றார் அம்மா. "விட்டிருந்தா அவ என்னை மன்னிக்கவே மாட்டா."

இரண்டும் ஒன்றுதான் என்று முடிவானது. இரண்டு பெயரில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஒன்றானால் எதை வைப்பது என்று அக்கா முன்பே தேன்மொழியிடம் சொல்லி வைத்திருந்தார். சிவப்புச் சீட்டு கட்டி மியூசியத்தில் இருப்பது அம்மா பிடித்த அந்தப் பூச்சிதான். பெயருக்குப் பின்னால், கண்டு வருணித்தவர் என்ற இடத்தில், எங்கள் அக்காவின் பெயர் என்றைக்கும் நிற்கும்.

அக்காவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மழையிலும் கூப்பிட்ட குரலுக்கு வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், வரப்பில் எங்களை இறங்கவிட்ட உப்பளத் தொழிலாளர்களுக்கும், சொந்த மகளைப் போல உடனிருந்த தேன்மொழிக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும், கோபித்துக்கொண்டு போய் மறுவாரமே திரும்பி வந்த பெரிய அத்தைக்கும் மாமா, கதிர், அம்மா, நான் எல்லோரும் நன்றி சொல்கிறோம்.

கட்டுரை இன்னும் அச்சில் வரவில்லை. அதனால்தான் அட்டையில் பூச்சியின் படம் இருக்கிறது, பெயர் இல்லை. வைத்த பெயரை அம்மாவிடம் மட்டும் தேன்மொழி போனில் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். என்ன பெயர் என்று நானும் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்களும் அவரிடம் கேட்டுப் பயனில்லை. இந்த முறை அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார்.