டத்தோவின் மண்டபமும் எங்கள் கழிப்பறையும்

கிள்ளானில் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைகள் பாதி பூட்டிக் கிடந்தன. மீதியில் தண்ணீர் வராது. அங்கே போகப் பயந்து பிள்ளைகள் பள்ளி விடும்வரை தண்ணீரே குடிக்கமாட்டார்கள். என் மகளும் அப்படியே இருந்து, சிறுநீரில் கிருமி தொற்றி, அரசாங்க மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இதை நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கல்வி அலுவலகத்தில் கேட்டால் ஒதுக்கீடு வரட்டும் என்றார்கள். பெற்றோர் சங்கத்தில் யாரோ, சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பழைய மாணவரைப் பார்க்கச் சொன்னார்கள். லோரி கம்பெனி நடத்துகிறவர். தலைமையாசிரியரும் நானும் கோலாலம்பூர் பங்சாரில் இருந்த அவர் அலுவலகத்துக்குப் போனோம்.

நாங்கள் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். ஒரு கம்பெனியை நான்காகப் பிரித்தாராம். குடும்பத்தின் பேரில் ஓர் அறக்கட்டளை. லாபத்தில் ஒரு பகுதியை அதற்கு நன்கொடையாகக் கொடுத்தால் வரி குறையுமாம். எல்லாம் சட்டப்படிதான், பிரிக்ஃபீல்ட்ஸில் கெட்டிக்கார ஆடிட்டர் இருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னார். என் சம்பளத்தில் மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். என்னிடம் போய் இதைச் சொல்கிறார், மனுஷன்!

"கவர்மெண்டுக்குக் கட்டி என்ன ஆகப்போவுது? நேரா நம்ம பிள்ளைங்களுக்கே செஞ்சிடலாம்லா. ஸ்கூல்ல ஒரு மண்டபம் கட்டித் தர்றேன்" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் பள்ளிக்கு யார் அள்ளிக் கொடுத்தார்கள்? சரி, அப்படியானால் கழிப்பறையைக் கட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"மண்டபம்னா எங்கப்பா பேரை வைக்கலாம். டாய்லெட்ல எப்படிம்மா வைக்கிறது?"

பேரே வேண்டாம், சும்மா கட்டிக் கொடுங்கள் என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தலைமையாசிரியர் மண்டபத்துக்கே நன்றி சொல்லி எழுந்தார். காரில், பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்கு உபதேசம் வேறு.

கட்டிய வரியெல்லாம் ஒழுங்காகக் கழிப்பறைக்கு வந்து சேரும் என்று நம்பும் அளவுக்கு நான் அசடு இல்லை. ஆனால் கல்வி அலுவலகத்தில் மேசையைத் தட்டி, எங்கள் காசு எங்கே என்று கேட்கலாம். இந்த டத்தோவிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் முடியும். நாட்டுக்குப் போகவேண்டியதைச் சட்டத்தின் சந்துபொந்தில் மிச்சம் பிடித்து, அதிலேயே வள்ளல் பட்டமும் வாங்கிக்கொள்வது என்ன தர்மம்? திருடனிடம்கூட இவ்வளவு கோபம் வராது.

மண்டபம் எழும்பியது. திறப்புவிழா அன்று பிள்ளைகளை மாலையும் கையுமாக வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். என் மகளும் நின்றாள், உதடெல்லாம் காய்ந்து. ஆசிரியர் கழிப்பறைக்கு மட்டும் புதுக்குழாய், சோப்பு, கால்மிதி எல்லாம் வந்திருந்தன. டத்தோவுக்காகவாம். கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. அலுவலகத்தில் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தேன். வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளை எல்லாம் அழைத்துவந்து முதலில் வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக உள்ளே போகச் சொன்னேன். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

பேச்சு முடிந்து டத்தோ வேகமாக வந்தார். பின்னால் தலைமையாசிரியர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"பிள்ளைங்க போறாங்க டத்தோ. கொஞ்சம் அடக்கிக்கிட்டு நில்லுங்க. இவங்க தினமும் அப்படித்தான் இருக்காங்க."

மாலையைக்கூடக் கழற்றாமல் அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.