பகலில் சாத்திய பலகைகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் போகும் ஒரு சிறு டவுனில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கடைவரிசையை இடித்துவிட்டுப் புதிய சந்தை கட்ட நகரசபை முடிவெடுத்திருந்தது. இடிப்பதற்கு முன் கடைகளை அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்க ஒரு சர்வேயர் வந்தார். அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. கடைக்காரர்களிடம் அவர் பேசியதெல்லாம் என் வாயால்தான். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் ஆட்கள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நடந்தேன்.

வியாபாரம் நடக்கிற கடைகளுக்கு மட்டுமே புதுச் சந்தையில் இடம் என்று சபை சொல்லியிருந்தது. பூட்டிக் கிடப்பவற்றுக்கு ஒன்றும் இல்லை.

வரிசையின் கடைசிக் கடை, கம்பளியும் குடையும் துணியும் விற்ற முஸ்லிம் முதலாளியுடையது. மற்றவர்கள் முகப்பைத் தகரமும் சீமெந்துமாக மாற்றியிருந்தார்கள். இவர் மட்டும் பழைய பலகைக் கதவையும் செதுக்கிய மரத்தூண்களையும் அப்படியே வைத்திருந்தார். சர்வேயர் அதைப் பார்த்ததும் மயங்கிப்போனார். தொங்கும் சாமான்களை எடுத்துவிட்டுப் பலகைகளைச் சாத்தச் சொன்னார். முழு முகப்பும் படத்தில் விழ வேண்டுமாம்.

சொன்னேன். முதலாளி கையிலிருந்த கெஜக்கோலைக் கீழே வைத்தார்.

"பகல்ல பலகை போடுறதா? மகள், வீட்டுல யாராச்சும் மவுத்தாப் போனாத்தான் அப்படிச் செய்வாங்க. ஜும்மாவுக்குப் போறப்பகூட நான் ஒரு கம்பத்தான் குறுக்க வச்சுட்டுப் போறேன்."

சர்வேயர் சிரித்தார். மூடிய கடையைப் படம் எடுத்தால் வியாபாரம் இல்லாத கடை என்றல்லவா சபை நினைக்கும் என்று அவரிடம் கேட்டேன். நாம் பதிவு செய்ய வந்தது கட்டடத்தை, வியாபாரத்தை அல்ல என்றார். வேண்டுமானால் படத்தின் கீழே நீயே எழுது என்றார்.

அதையும் முதலாளிக்குச் சொன்னேன்.

"நீங்க எழுதுவீங்களா மகள்?"

"எழுதுவேன் மொதலாளி."

அதை நம்பித்தான் அவர் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினார். சர்வேயர் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தார்.

எதிரே தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை. அங்கே நிற்பவர்களுக்கு அந்தக் கடைவாசல் நேராகத் தெரியும். பகல் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்ததும் பெண்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. முன்னால் வந்தவள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் என் அம்மா.

"யாருடி செத்தது? மொதலாளியா, அவரு பொஞ்சாதியா? பெரிய படிப்புப் படிச்சவ, ஒரு ஆள அனுப்பிச் சொல்ல மாட்டியா?"

"யாரும் சாகலம்மா. படம் புடிக்கிறாங்க."

முதலாளி சந்துப்பக்கமிருந்து வந்தார். ஒப்பாரி வைத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, உசுரோட நிக்கிற மனுசனுக்குப் பாடிட்டேனே!"

"பாடுனது வீணாப் போகாது. வச்சுக்கிறேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "சர்வேயர் மாத்தயாகிட்ட சொல்லுங்க மகள், இவங்களயும் சேத்து எடுக்கட்டும். ஆள் வந்து போற கடைன்னு தெரியும்ல."

சொன்னேன். சர்வேயர் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தை ஒதுங்கும்படி கை காட்டினார். ஒதுங்கினார்கள். படம் எடுத்தார்.

வியாபாரம் நடக்கும் கடை என்று என் நல்ல கையெழுத்தில், ஆங்கிலத்தில், படத்தின் கீழே எழுதினேன். ஆனால் புதுச் சந்தையில் அவருக்கு இடம் இல்லை என்றார்கள். சபைக்குப் போய்க் கேட்டேன். "கீழே யாரும் எதையும் எழுதலாம் பிள்ளை. படத்தில் கடை மூடித்தானே இருக்கிறது?" என்றார் அங்கிருந்தவர். அந்த ஆங்கிலத்துக்காகத்தான் அம்மா என்னை மலைக்கு அனுப்பாமல் படிக்க வைத்திருந்தாள்.

இடித்த அன்று மழை. இடிக்க வந்தவர்களின் முதல் அலவாங்குக் குத்து மரத்தூணில் விழுந்தது. முதலாளி வீதியின் மறுபக்கத்தில் நின்று கொழுந்து மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பெண்கள் குனிந்து கொழுந்து எடுத்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"இன்னைக்குத்தான் இடிக்கிறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன் மொதலாளி" என்றேன்.

"வர மாட்டாங்க மகள்" என்றார். "துக்கம் ஒருக்காதான் கேப்பாங்க."