வண்டி ஏறாத காலையிலும்

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினால் எழும் வாசனை எனக்கு இன்றும் தாங்காது. எங்கள் மலையில் அது வாந்திக்கு முந்தைய வாசனை. சூரியநெல்லியிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் வளைவுதான். ஜீப்பில் ஏறும் பிள்ளையின் கையில் ஒரு பழத்தைத் திணித்து, மூக்கோடு வைத்துக்கொள்ளச் சொல்வோம். வாந்தி எடுக்காத பிள்ளை இங்கே அதிசயம்.

அதனால்தான் எங்கள் மூத்தவள் அக்சா பள்ளிக்கூட ஜீப்பில் தினமும் வாந்தி எடுத்தபோது யாரும் திடுக்கிடவில்லை. முன்சீட்டில் உட்காரவைத்தோம். வெறும் வயிற்றோடு அனுப்பினோம்.

"பழகிரும்ணே" என்றார் ஜீப் டிரைவர். "என் மவன் பத்தாங்கிளாஸ் வரைக்கும் இந்த வண்டியத்தான் நாறடிச்சான். இப்ப அவனே லாரி ஓட்டுதான்."

பிறகு தலைவலி வந்தது. நடக்கும்போது இடப்பக்கச் சுவரை உரசினாள். தலையைச் சாய்த்தே எங்களைப் பார்த்தாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தோம்.

கீழே, சமவெளியிலுள்ள மருத்துவமனையில் மலையாள டாக்டரம்மா கேட்டார்: "வண்டி கேறாத நாள்லயும் வாந்தி உண்டோ?"

என் மனைவி செல்வி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குக் கெளம்பயில எடுத்தாளேங்க."

மாதா கோயில் எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நடந்து போகிற தூரம்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அக்சாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தரையில் நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே கோட்டைவிட்டு விலகிப்போனாள்.

ஸ்கேனில் தெரிந்தது மெடுல்லோபிளாஸ்டோமா (சிறுமூளையில் வளரும் புற்றுக்கட்டி). மூளைநீர் வடியும் வழியை அது அடைத்ததால் ஹைட்ரோகெஃபாலஸ் (மூளைக்குள் நீர் தேங்குதல்). படுத்து எழும் காலை நேரத்தில் அழுத்தம் கூடியிருக்கும். வாந்தி அதனால் வந்தது. இதைப் படிக்கும் நீங்களும் மலைக்காரர்களாக இருந்தால், சாலையைக் குற்றம் சொல்லுமுன் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப்பாருங்கள்.

கட்டியை எடுத்தார்கள். அக்சா கண் விழித்தாள், எங்களை அறிந்தாள், பேசவில்லை. சிறுமூளை மௌனம் என்றார் ஆபரேஷன் செய்த தமிழ் டாக்டர் (இந்த அறுவைசிகிச்சைக்குப் பின் சில குழந்தைகளுக்குப் பேச்சு சில காலம் நின்றுபோவது).

"வரும். பழைய மாதிரியே வருமான்னு மட்டும் கேக்காதீங்க."

பேச்சு திரும்பும் முன்பே கதிர்வீச்சு தொடங்கியது. முகத்தின் அச்சில் செய்த வலையை அவள் முகத்தின்மேல் வைத்து மேசையோடு பூட்டுவார்கள். எல்லோரும் வெளியேறியபின் கனத்த கதவு மூடும். சத்தம்போட்டு அழக்கூட முடியாத பிள்ளை உள்ளே தனியாக. நான் வெளியே நின்று, வராத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் முடிகையில் 'தண்ணி' என்றாள். செல்வி குடத்தோடு ஓடிவந்தாள்.

இப்போது ஸ்கேன் தெளிவாக இருக்கிறது. சுவரைப் பிடித்து நடக்கிறாள். அவள் தடுமாறும் பக்கமே என் உடம்பும் சாய்கிறது. வெறும் சாலையில் தனியாகப் போகும்போதும் சாய்கிறது. அவளுடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருக்கும் நேரத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். "சீக்கிரம் சொல்லுக்கா, அதுக்குள்ள எனக்கு விழுந்த பல்லு முளைச்சிரும்" என்று கேலி செய்கிறாள் சின்னவள் ரூத். அவளுக்கு அக்காவின் பழைய குரல் நினைவில்லை.

ரூத்திடம் நான் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்றுண்டு. அக்சாவும் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் மலைக்கு ரயில் கிடையாது. அறுவைசிகிச்சையன்று காலை வார்டு ஜன்னலுக்குக் கீழே ஒன்று போனது. அக்சா நேரில் பார்த்த முதல் ரயில். கடைசிப் பெட்டி மறையும்வரை கம்பியை விடவில்லை. பிறகு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுகட்டில் நின்றபோது, மழித்த தலையைத் தூக்கி, என் விரலைப் பிடித்திழுத்தாள்.

"அப்பா, ரயில் பாத்தத ரூத்துகிட்ட நீங்க சொல்லிராதீங்க. நானே வந்து சொல்லிக்கிடுதேன்."