சங்கு ஊதாத நாள்

ஆள்காட்டிப் பறவைகளுக்கு டியூட்டி மாற்றிவிடுவது தொழிற்சாலைச் சங்குதான் என்று ஒன்பது வயதில் நான் அடித்துச் சொல்வேன். கண்ணால் பார்த்த சாட்சி நான். யாராவது இல்லையென்று சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

எண்பதுகளில் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. புது ஷெட் போடப்போகிறோம் என்று யாரோ ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு அப்படியே மறந்துபோயிருந்தார்கள்.

அம்மாவுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்ட். வேறொரு கம்பெனியில் இருந்த அப்பாவுக்கு இரண்டிலிருந்து இரவு பத்து. கேட்டு வாங்கிக்கொண்ட ஷிப்ட் அது. இல்லாவிட்டால் இரண்டு வயதுத் தம்பியை யார் பார்த்துக்கொள்வது? அப்பா வீடு திரும்பும்போது அம்மா தூங்கியிருப்பாள். அம்மா கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை. கரண்டைப் பங்கிட்டுக்கொள்ள ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் லீவு விட்ட காலம் அது.

இரண்டு மணிச் சங்கு ஊதியதும் அம்மா ஜல்லி மனைக் குறுக்குவழியாக ஓட்டமும் நடையுமாக வருவாள். மனையின் ஓரத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா நிற்பார். பத்து நிமிஷம் தாமதமானால் அவரை உள்ளே விடமாட்டார்கள். "பால் குடிச்சிட்டான். மருந்து ஊத்தியாச்சு. சோறு மூடி வெச்சிருக்கேன்" என்பார். அம்மா தலையாட்டுவாள். தம்பி ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறுவான். அப்பா ஓடிவிடுவார். இதைத் தினமும் பார்த்ததாலோ என்னவோ, எனக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை.

விசேஷம் எனக்கு ஜல்லியில் இருந்தது. அந்தக் கோடை லீவில் ஒரு நாள் அங்கே நடந்துகொண்டிருந்தபோது காலடியிலிருந்து ஓர் அலறல் கிளம்பி என் முகத்துக்கு நேராக வந்தது. அம்மாடி என்று பின்வாங்கிக் கீழே பார்த்தால் நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றும் கிடையாது. ஜல்லிக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டைகளும் ஜல்லி நிறத்திலேயே இருந்தன. இன்னோர் அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

அன்றிலிருந்து மனையை ஒட்டிய மதில் நிழலே கதியென்று கிடந்தேன். பறவைகள் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும். நீள மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. ஆனால் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. நடக்கும்போது ஒரு பக்கம் சாயும். தம்பியைத் தூக்கித் தூக்கி எங்கள் அப்பாவும் ஒரு தோள் சாய்ந்துதான் நடப்பார் என்பதால் அதை அப்பா என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்று முட்டைமேல் உட்கார்ந்தால் மற்றது சாக்கடை ஓரம் இரை பொறுக்கும். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். ஷிப்ட் விட்ட ஆட்கள் குறுக்குவழியில் நடப்பார்கள். உட்கார்ந்திருந்தது எழுந்து கத்திக்கொண்டே அவர்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு பறக்கும். ஆட்கள் போனதும் மற்றது நடந்து வந்து அந்த இடத்தில் உட்காரும். ஒரு நாள் நொண்டிப் பறவை சாக்கடைத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. சுடும் முட்டையைக் குளிர்விக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அத்தையிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பறவை கத்தினாலே கெட்ட சேதி வரும் என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மே தினம் வந்தது. "நாளைக்கு ஒரு கம்பெனியிலயும் சங்கு ஊதாது. எல்லாருக்கும் லீவு" என்று முந்தின நாள் அப்பா சொன்னார். வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. சங்கு ஊதாவிட்டால் அவற்றுக்கு யார் சொல்வது? உட்கார்ந்திருக்கும் பறவை எழுந்திருக்காமலே பட்டினியில் செத்துப்போகுமே! ஓசூர் குளிர்ந்த ஊர் என்பார்கள். மே மாத மத்தியானத்தில் அந்த ஜல்லிமேல் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். அந்தக் கோடையில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவசரமில்லாமல் பகலில் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கை கழுவியதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, தம்பியக் கூட்டிக்கிட்டு அத்த வீட்ல கொஞ்ச நேரம் வெளையாடிட்டு வா கண்ணு" என்றாள். அப்பா பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். அதுவும் பழைய பேப்பர்.

நல்லதாய்ப் போயிற்று என்று தம்பியை இடுப்பில் ஏற்றினேன். வாசலில் இருந்த எவர்சில்வர் குடத்தையும் எடுத்துக்கொண்டேன். குழாயடி வரிசையில் குடத்துக்குள் வாய் வைத்துக் கத்திச் சங்குபோலச் சத்தம் எழுப்புவதில் என்னை மிஞ்ச அந்த லைனில் ஆள் கிடையாது.

மதில் நிழல் தண்ணீர்க் குழாயைத் தொட்டால் மணி இரண்டு. தொட்டதும் முட்டைகளுக்குப் பத்தடி தள்ளி ஜல்லியில் நின்று, குடத்துக்குள் மூச்சுப் பிடித்து ஊதினேன். எதிர் ஷெட் தகரத்தில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. நிஜச் சங்கு தோற்றுவிடும்!

பறவை எழுந்து பறந்தது. மற்றது முட்டைமேல் வந்து உட்காரவில்லை. இரண்டும் என் தலைக்கு மேலே அலறிக்கொண்டு சுற்றின. டியூட்டி மாறட்டும் என்று நான் அசையாமல் நின்றேன். நின்றால்தானே முட்டைக்குக் காவல்? முட்டைகள் வெயிலில் மொட்டையாகக் கிடந்தன. என் செருப்புக்குள்ளேயே சூடு ஏறியது. மறுபடியும் ஊதினேன். தம்பி வீறிட்டான். ஐயோ, நான்கும் வெந்துபோய்விடுமே என்று எனக்கும் அழுகை முட்டியது.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து இருவரும் ஓடிவந்தார்கள். அப்பா லுங்கிமேல் கம்பெனி யூனிபாரச் சட்டையைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். கையில் காலி டிபன் பை. அம்மாவின் முடி அவிழ்ந்து, பூச்சரம் தோளில் தொங்கியது. வந்த வேகத்தில் கையை நீட்டித் தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேள்வி அதற்கப்புறம்தான்.

"எந்தக் கம்பெனிடி ஊதுனது?"

குடத்தைத் தூக்கிக் காட்டினேன். அப்பா குடத்தைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், டிபன் பையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் அப்படியே குந்திவிட்டார். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதப்பா! டியூட்டி மாறவே இல்ல. முட்ட வெந்துரும்பா" என்று நான் ஓவென்று அழுதேன்.

"நீ அங்க நின்னா அது எப்பிடி சாமி வரும்? இந்தாண்ட வா" என்றார் அப்பா.

மதில் நிழலில் நாலு பேரும் உட்கார்ந்தோம். சத்தம் அடங்கியது. நொண்டிப் பறவை முட்டைக்கு வரவில்லை, நேரே சாக்கடைக்குப் போனது. வயிறு நனைந்து சொட்டச் சொட்ட ஓடிவந்து, இறகை விரித்து நான்கின்மேலும் மெல்ல இறங்கி அமர்ந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வெகுநேரம் கழித்து மற்றது நனைந்த வயிற்றோடு வந்தது. நொண்டி எழுந்து வழிவிட்டது. மனையில் ஓர் ஆள் இல்லை, ஒரு சங்கு இல்லை.

"யாரும்மா சொன்னது அதுங்களுக்கு?" என்றேன்.

"யாரும் சொல்ல வேணாம்டி" என்றாள் அம்மா. அப்புறம் அப்பா பக்கம் திரும்பாமலே, "ரெண்டும் எப்பத்தான் சேந்து இருக்கும்?" என்று கேட்டாள்.

"குஞ்சு பொரிச்சு நடக்கட்டும்" என்றார் அப்பா.

சில நாளில் நான்கும் பொரித்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி அன்றே ஓட ஆரம்பித்துவிட்டன. தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் காவலாக நடந்தார்கள். நான் குதித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். "பாத்தியாம்மா, இப்ப ரெண்டும் சேந்தாச்சு!" அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை.

தம்பி நடந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகுதான் அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டார். அன்று மதில் நிழலில் அவர்கள் பறவைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, நானும் அவரும் ஆளுக்கொரு ஷிப்டுக்கு ஓடத் தொடங்கியபோதுதான் அந்தப் பழைய பேப்பரும் அவிழ்ந்த பூச்சரமும் நினைவுக்கு வந்து, அடக் கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தக் கோடையிலேயே சங்கு ஊதாத நாள் அது ஒன்றுதான். அன்றைக்கும் போய் ஊதித் தொலைத்தவள் நான்.