நாலு நாற்காலிப் போர்க்களம்

கேம் சென்டர் நடத்துகிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு: ஊரே விளையாடும், அவன் மட்டும் மவுஸ் துடைப்பான். திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் அந்த விதியை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். கடை வைத்துப் பார்த்த என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும்.

முன் அறையில் புதிய கம்ப்யூட்டர்கள், புதிய விளையாட்டுகள். உள் அறையில் நாலு கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஓடுவது ஒரே ஒரு பழைய ராணுவ விளையாட்டு. நாலு பேர் ஒரு படையாகச் சேர்ந்து, வரைபடம் பார்த்துத் திட்டம் போட்டு, பனிமூட்டத்துக்குள் மெல்ல நடந்துபோய் ஒரு முகாமைப் பிடிக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டரில் போட்டால் திரை கறுத்து நின்றுவிடும். இடம் என் மனைவியின் அண்ணனுடையது. தறி ஓட்டித் தொடங்கி பனியன் கம்பெனி வரை வந்தவர். "தீபாவளி சீசனுக்குள்ள உள்ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க மாப்ள, துணி ரோல் அடுக்கோணும்" என்று சொல்லிவிட்டார். மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு அந்த அறையை விட மனசே இல்லை.

ஒரே குண்டு

எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், முன் அறையில் இடம் இல்லாமல் உள்ளே வந்தார். எதிரியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். பிசைந்த மாவில் கண் வைத்த மாதிரி இருக்கும். விரல்கள்கூடப் பிரிந்திருக்காது. புதிய விளையாட்டில் ஓடுவதுபோல ஓடினார். எங்கிருந்தோ ஒரே ஒரு குண்டு, கதை முடிந்தது. புதியதில் சுவரோரம் கொஞ்சம் மூச்சு விட்டால் காயம் ஆறிவிடும், செத்தாலும் உடனே எழுந்துவிடலாம். இதில் அதெல்லாம் கிடையாது. மற்றவர்கள் முடிக்கும் வரை ஆவியாக மேலே மிதந்தபடி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பட்டன்களைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். திரையில் வெள்ளைப் பனி. அந்தக் காலக் கம்ப்யூட்டரால் அதற்கு மேல் தூரத்தை வரைய முடியாது, அதனால் பனியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் கையாலாகாத்தனம்தான் இன்றைக்கும் அழகாக இருக்கிறது. புல் அசைந்தது, எங்கோ ஒரு குருவி கத்தியது. அவர் வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ஆபீஸ்லயும் செத்தவன இப்பிடிச் சும்மா உக்கார உட்டா எவ்வளவு நல்லாருக்குங்க!"

நம்ம பக்கத்து ஆள்

ஞாயிறு தவறாமல் வருபவர்கள் மூன்று பேர். அதில் மூத்தவர் பழனிசாமி, பெருமாநல்லூரில் கட்டிங் மாஸ்டர். நாலாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் உட்காருவேன். எனக்கும் வேலை வந்துவிட்டால் கம்ப்யூட்டரே ஒரு சிப்பாயை அனுப்பும். இன்றைய சிப்பாய்கள் புத்திசாலிகள். இந்தப் பழைய சிப்பாய் கதவைக் கண்டால் வாசலிலேயே நின்றுவிடுவான். பின்னால் வருகிறவர் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் நிற்க முடியாது.

மாஸ்டர் திரையைப் பார்த்து, "ஏனுங்க, சித்த தள்ளிக்குங்க" என்றார். சிப்பாய் அசையவில்லை. "உங்களத்தானுங்க" என்றார். வெளியிலிருந்து குண்டுகள் வர ஆரம்பித்தன. அவனைச் சுட்டுவிட்டு உள்ளே போங்கள் என்று நாங்கள் கத்தினோம். மாஸ்டர் துப்பாக்கியை இறக்கிவிட்டு, வாசலிலேயே குண்டடி பட்டு விழுந்தார். ஏன் சுடவில்லை என்று கேட்டதற்கு முகம் சுளித்தார். "அதெப்படீங்க? நம்ம பக்கம் நிக்கறவருங்க அவரு."

மலையில் ஒரு டேமேஜ்

இரண்டாமவர் மேரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் துணியில் டேமேஜ் கண்டுபிடித்து ஒதுக்கும் செக்கிங் வேலை. ஞாயிறு சர்ச் முடிந்து நேராக இங்கே வந்துவிடுவார். பழைய விளையாட்டில் புல்வெளி என்பது ஒரே துண்டுப் படத்தை மறுபடி மறுபடி ஒட்டி வைத்ததுதான். பிரிண்ட் துணி பார்த்துப் பழகிய கண்ணுக்கு, டிசைன் எங்கே மாறுகிறதோ அங்கே எதிரி படுத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். புதிய விளையாட்டில் ஒவ்வொரு புல்லும் வேறு வேறு, அங்கே அவர் பாச்சா பலிக்காது.

ஒருநாள் எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னார். மலைச் சரிவில் ஏதோ சரியில்லையாம். வெகுநேரம் படுத்திருந்தோம். பனி எங்கள் மேல் போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. திடீரென்று மேரி இருந்த குண்டுகளையெல்லாம் அந்த இடத்தில் கொட்டினார். மலை சாகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு படங்கள் சேரும் இடத்தில் ஒட்டு சரியாக விழாமல் ஒரு கறுப்புக் கோடு. அந்தச் சத்தம் கேட்டு வந்த நிஜ எதிரிகள் எங்கள் எல்லோரையும் முடித்துவிட்டார்கள். மேரிக்கு அதில் வருத்தமே இல்லை. கோபம்தான். "இந்த மலைய எவன் பாஸ் பண்ணி அனுப்புனான்? நானா இருந்தா ரிஜெக்ட் பண்ணிருப்பேன்லா!"

செந்திலின் கை

மூன்றாமவர் செந்தில், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று காது பாதிக்கு மேல் போய்விட்டது. புதிய விளையாட்டுகளில் காதுதான் எல்லாம். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், ஹெட்போனில் யாரோ கத்துவது புரிய வேண்டும். முன் அறையில் ஒருமுறை உட்கார்ந்து, யார் சுட்டது என்றே தெரியாமல் எழுந்து வந்துவிட்டார்.

உள் அறையில் நாலு நாற்காலியும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். விளையாட்டும் நிதானம், திரும்பிப் பார்க்க நேரம் தரும். தறிக்கூடத்தில் சத்தத்துக்கு நடுவே பேசிக்கொள்ளும் கைஜாடைகளைச் செந்தில் எங்களுக்கும் பழக்கிவிட்டார். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது, அதாவது எதிரி விழுந்தான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து, அதாவது யாரும் அசையாதே. ஞாயிறு மதியம் கம்பெனி மெஷின்கள் ஓயும். ஃபேன் மட்டும் சுற்றும். திரை வெளிச்சத்தில் அந்தக் கைகள் மிதப்பதைப் பார்த்தால் நானே கனவில் இருப்பதுபோல் இருக்கும். அறை போகப்போகிறது என்று ஜாடையில் சொன்னபோது செந்தில் வாய்விட்டே பேசினார்: "எனக்கு இங்கதானுங்க எல்லாரும் பேசறது கேக்குது."

மச்சானும் டேப்பும்

அடுத்த ஞாயிறு மச்சான் அறையை அளக்க டேப்போடு வந்தார். நாலாவது நாற்காலி காலி. "வாங்கண்ணா, ஒரு ஆட்டம் உக்காருங்க, டேப்பு எங்கீங்க ஓடிப்போகுது?" என்றார் பழனிசாமி. கூப்பிட்ட மரியாதைக்கு மச்சான் உட்கார்ந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனிக்குள் நேராக நடந்தார், செத்தார்.

எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆவியாக மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே செந்தில் தனியாக ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஒருவன் வருவது மேலே இருக்கும் மச்சானுக்குத்தான் தெரிந்தது. "தம்பி, பின்னாடி!" என்று கத்தினார். செந்திலுக்குக் கேட்கவில்லை. சட்டென்று அந்தப் பழைய தறிக்காரரின் கை தானாக எழுந்து, உள்ளங்கை கவிழ்ந்தது. தறியை நிறுத்து. செந்தில் நின்றார், திரும்பினார், சுட்டார். இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். மச்சானும் பதிலுக்குக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"செத்தவங்க சொல்லக் கூடாதுங்கண்ணா" என்று பணிவாக ஆட்சேபித்தார் பழனிசாமி. மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. முகாமைப் பிடிக்கும் வரை இருந்துவிட்டு, பிரிக்காத டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ரோல் அடுக்கறதுக்கு மாடி வசதிப்படாது மாப்ள, இத்தன படி யாரு தூக்கிட்டு ஏறுவாங்க?"

அந்த வசதிப்படாத மாடிக்கு இப்போது ஞாயிறுதோறும் மச்சானே மூச்சு வாங்க ஏறி வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார், நான் என் தலைவிதிப்படி மவுஸ் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.